கோயில் சாவி அவங்க கையில

போன இதழ்ல அப்போலோ தெய்வத்தோட டெல்ஃபி கோயில்ல குறி சொன்ன பூசாரியம்மா பித்தியா (அது பதவியோட பேர்) பத்தி ரெண்டே வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த தடவை வேற எந்த கேள்வியும் எடுக்கல, பழைய கிரேக்கத்துப் பெண்களும் அவங்க கோயில்களும் மட்டும்தான்.

கேள்வி: ஏதென்ஸ்ல பெண்களுக்கு ஓட்டு கிடையாது, வீட்டை விட்டு வெளிய வர்றதே கஷ்டம்னு படிச்சிருக்கேன். அப்புறம் எப்படி பெண் பூசாரிங்க இருந்தாங்க? ரெண்டும் ஒத்தே போகலையே?

ரெண்டுமே உண்மைதாங்க, ஒரே ஊர்ல ஒரே காலத்துல நடந்தது. ஏதென்ஸ் பெண் ஒருத்தி தன் இஷ்டத்துக்கு ஒரு மெதிம்னோஸ் பார்லி விலைக்கு மேல கொடுக்கல் வாங்கல் பண்ணக்கூடாதுன்னு சட்டமே இருந்துச்சு, மெதிம்னோஸ்னா சுமார் 50 லிட்டர் கொள்ற படி. கோர்ட்டுல அவளுக்காக அப்பாவோ புருஷனோ அண்ணன் தம்பியோதான் பேசணும், மரியாதையான வீட்டுப் பெண்ணோட பேரைக்கூட சபையில சொல்ல மாட்டாங்க, இன்னார் மகள், இன்னார் சம்சாரம், அவ்வளவுதான். ஆனா கோயில்னு வந்துட்டா கதையே வேற. பெண் தெய்வத்துக்கு பெரும்பாலும் பெண் பூசாரிதான், அதனால அந்த ஊரையே காக்குற அதீனா பொலியாஸ் தெய்வத்துக்கு பூஜை பண்ற உரிமை எட்டியோபூட்டடாய்னு ஒரு பரம்பரைப் பெண்கள்கிட்ட இருந்துச்சு, ஆயுசுக்கும் அந்தப் பதவி. லிசிமக்கேன்னு ஒருத்தங்க 64 வருஷம் அந்தப் பொறுப்புல இருந்திருக்காங்க, அவங்களுக்கு சிலை வச்சாங்க, அந்தச் சிலையைப் பத்தி ரோமாபுரி எழுத்தாளர் பிளினி வரைக்கும் எழுதியிருக்கார். 64 வருஷம் எந்த ஆம்பளை அரசியல்வாதி அங்க பதவியில இருந்திருக்கார் சொல்லுங்க!

அதிகாரம் நிஜமாவே இருந்துச்சா, சும்மா அலங்காரத்துக்கு உக்கார வச்சாங்களான்னு நீங்க கேட்கலாம். கி.மு. 508-ல ஸ்பார்ட்டா ராஜா கிளியோமெனஸ் படையோட வந்து ஏதென்ஸ் கோட்டைமலை அக்ரோபொலிஸைப் பிடிச்சுட்டார், சாமி கும்பிடணும்னு அதீனா கோயிலுக்குள்ள நுழையப் போனார், அவர் வாசப்படி தாண்டுறதுக்கு முன்னாடியே பூசாரியம்மா ஆசனத்துல இருந்து எழுந்து நின்னு, திரும்பிப் போங்க, டோரியர்களுக்கு, அதாவது ஸ்பார்ட்டாக்காரங்க இனத்துக்கு, இங்க அனுமதி இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆயுதம் ஏந்தின ராஜா, எதிர்ல நிக்கிறது ஒத்தைப் பெண்மணி. நான் டோரியன் இல்லம்மா, அக்கேயன், வேற இனம்னு சமாளிச்சார், அதோட விடல, ஆனா மூணாவது நாளே ஊர் ஜனங்க முற்றுகை போட்டு அவரை வெளிய அனுப்பிட்டாங்க. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் இதை எழுதும்போது அந்த அம்மா சொன்னதுதான் பலிச்சுச்சுங்கிற மாதிரியே எழுதுறார்.

பரம்பரைக்கு மட்டும்தானா இந்த வாய்ப்புன்னா, அதுக்கும் பதில் இருக்கு. அக்ரோபொலிஸ் நுழைவாயில் பக்கத்துல சின்னதா ஒரு கோயில் நிக்குதே, அதீனா நீக்கே, வெற்றி தெய்வம், அதுக்கு பூசாரியை எல்லா ஏதென்ஸ் குடும்பப் பெண்கள்ல இருந்தும் குலுக்கல் முறையில எடுக்கணும்னு மக்கள் சபை முடிவு பண்ணி கல்லுல வெட்டி வச்சிருக்கு. வருஷ சம்பளம் 50 டிராக்மா, அதோட ஊர்ப் பொதுவுல பலி கொடுக்குற ஆடு மாட்டோட காலும் தோலும் அவங்களுக்கு. அந்தக் காலத்துல ஒரு நல்ல கைவேலைக்காரருக்கு ஒரு நாள் கூலி ஒரு டிராக்மா, அதனால 50 பெரிய காசு இல்ல, தோலும் கறியும்தான் கையில நிக்கிற வருமானம். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா அதே கல்லோட பின்பக்கம் இன்னொரு தீர்மானம் இருக்கு, பூசாரிக்கு சொல்லியிருக்கிற அந்த 50 டிராக்மாவை எந்த மாசம் எந்த அதிகாரிங்க கொடுக்கணும்னு. ஒரு பெண்ணோட சம்பளத்துக்காக ஒரு சபை ரெண்டு தடவை கூடி கல்லுல எழுதியிருக்கு, ஏதென்ஸ் மாதிரி ஊர்ல இது சின்ன விஷயமே கிடையாது. மிர்ரினேன்னு ஒருத்தங்களோட கல்லறைக் கல்லுல, எல்லார்லயும் இருந்து சீட்டு விழுந்து நீக்கே கோயிலுக்கு முதல்ல ஊழியம் பண்ணவங்க இவங்கன்னு எழுதியிருக்கு.

தலைப்புல சாவின்னு போட்டிருக்கேனே, அது இதுக்காகத்தான். கிரேக்கப் பெண் பூசாரிகளோட கல்லறைக் கல்லுல, பானை ஓவியத்துல எல்லாம் அவங்க கையில ஒரு சாவி இருக்கும். நம்ம மனசுல வர்ற சாவி மாதிரி நினைக்காதீங்க. நீளமான உலோகக் கம்பி, ரெண்டு இடத்துல மடங்கியிருக்கும், கதவுல இருக்குற ஓட்டை வழியா உள்ள விட்டு தாழ்ப்பாளைத் தள்ளணும். ஆர்க்கேடியா பகுதியில லூசோய்ங்கிற ஊர்ல இருந்த, வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் கோயிலோட வெண்கலச் சாவி ஒண்ணு இப்போ பாஸ்டன் மியூசியத்துல இருக்கு, சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், முழங்கை அளவு. இடுப்புல செருகிக்கிட்டு போற சமாச்சாரம் இல்ல, தோள்ல சாய்ச்சு வச்சுக்கிட்டு ஊர் பார்க்க நடந்து போறது. செத்த பிறகும் கல்லுல தன்னை அந்தச் சாவியோடதான் காட்டிக்கணும்னு அந்தப் பெண்களும் அவங்க வீட்டாளுங்களும் நினைச்சிருக்காங்க பாருங்க.

கேள்வி: பித்தியா ஏதோ புகையில மயங்கி உளறுவாங்க, ஆண் பூசாரிங்கதான் அதை கவிதையா மாத்தி சொல்லுவாங்கன்னு ஒரு வீடியோல பார்த்தேன். நிஜமா?

முதல்ல உளறல் விஷயம். ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறதுல பித்தியாவே நேரா, தெளிவா, வந்தவங்க முகத்தைப் பார்த்துப் பேசுறாங்க. கி.மு. 480-ல பாரசீகப் படை வருதுன்னு ஏதென்ஸ்காரங்க குறி கேட்கப் போய் உள்ள உக்கார்ந்ததுமே, ஏன் உக்கார்ந்திருக்கீங்க, ஓடிப் போங்கடா உலகத்தோட எல்லைக்குன்னு பித்தியா சொல்லிட்டாங்க, அவங்க பேர் அரிஸ்டோனிக்கே. வந்தவங்க ஒடுங்கிப் போய், ஆலிவ் கிளையைக் கையில எடுத்துக்கிட்டு சரணாகதியா மறுபடி உள்ள போனாங்க, அப்போதான் மரச்சுவர் மட்டும் விழாதுங்கிற அந்த பிரபலமான வாக்கு வந்துச்சு, அதைக் கப்பல்னு ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் அர்த்தம் பண்ணிக்கிட்டார், சலாமிஸ் கடல்ல ஜெயிச்சாங்க. நடுவுல நின்னு மொழிபெயர்க்கிற ஆம்பளை யாரும் இந்தக் கதையில வரவே இல்ல. இன்னொரு பித்தியா பெரியால்லா லஞ்சத்துக்கு மசிஞ்சு குறி சொன்னதா மாட்டி பதவி இழந்தாங்கன்னும் ஹெரொடோட்டஸே எழுதுறார். வெறும் உளறலா இருந்தா அவங்களுக்கு யார் லஞ்சம் கொடுக்கப் போறாங்க? அவங்க வாயில இருந்து என்ன வருதுங்கிறது அவ்வளவு முக்கியமா இருந்திருக்கு.

புகை பத்தி: 2001-ல சில நிலவியல் ஆய்வாளர்கள் கோயிலுக்கு அடியில பிளவுகள் இருக்கு, எத்திலீன் மாதிரி வாயு வந்திருக்கலாம்னு எழுதினாங்க, அதை மறுத்தும் ஆளுங்க எழுதியாச்சு, சண்டை முடியல. என்னைக் கேட்டா அந்த வாயுவை விட அந்த நாற்காலியில உக்கார்ந்த பெண்ணைப் பத்திதான் நாம அதிகம் பேசணும். டெல்ஃபியிலயே பூசாரியா இருந்த புளூட்டார்க், தன் காலத்து பித்தியா ஏழை விவசாயி வீட்டுப் பெண்ணு, எந்தப் படிப்பும் பயிற்சியும் இல்லாம வந்தவங்கன்னு சொல்றார். கூட்டம் அலைமோதின காலத்துல ரெண்டு பித்தியா மாத்தி மாத்தி உக்காருவாங்களாம், மூணாவதா ஒருத்தர் ரெடியா இருப்பாங்களாம். வருஷத்துல ஒன்பது மாசம், மாசத்துக்கு ஒரு நாள். ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு ஆட்டு மேல தண்ணி ஊத்துவாங்க, அது உடம்பு முழுக்க நடுங்கினா சாமி சம்மதம், நடுங்கலைன்னா அன்னைக்கு குறி கிடையாது.

ஒரு நாள் வெளியூர்ல இருந்து முக்கியமான ஆளுங்க வந்திருந்தாங்க, ஆடு நடுங்கவே இல்ல. வந்தவங்களைத் திருப்தி பண்ணணும்னு பூசாரிங்க தண்ணியை ஊத்து ஊத்துன்னு ஊத்தி ஆட்டை நடுங்க வச்சுட்டாங்க, பித்தியாவை மனசில்லாம உள்ள அனுப்பினாங்க. முதல் வார்த்தையிலயே அவங்க குரல் கரகரன்னு மாறிடுச்சு, கடைசியில அலறிக்கிட்டு வாசலைப் பார்த்து ஓடி வந்து விழுந்தாங்க, வந்தவங்க மட்டுமில்ல பூசாரிங்களே பயந்து ஓடிட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பி வந்து தூக்கினாங்க, சில நாள்லயே அவங்க செத்துட்டாங்க. புளூட்டார்க் இதை எழுதி வச்சிருக்கார், அவங்க பேரை மட்டும் எழுதல. நான் இதைப் படிச்சதுல இருந்து பித்தியான்னாலே ராஜாக்கள், யுத்தம்லாம் ஞாபகம் வர்றதில்ல, மனசில்லாம உள்ள போன அந்த ஒரு அம்மாதான் ஞாபகம் வர்றாங்க.

கேள்வி: ஆண்களே இல்லாத திருவிழா ஒண்ணு இருந்துச்சாமே, அதுல என்னதான் பண்ணுவாங்க?

தெஸ்மோஃபோரியா. விவசாயத்துக்கும் தானியத்துக்கும் தெய்வமான டெமீட்டருக்கு, இலையுதிர் காலத்துல, விதைப்புக்கு முன்னாடி நடக்கும், ஏதென்ஸ்ல மூணு நாள். கல்யாணமான குடும்பப் பெண்கள் வீட்டை விட்டுட்டு கோயில் வளாகத்துல போய் தங்குவாங்க, அவங்களே தலைவிங்களைத் தேர்ந்தெடுப்பாங்க, வசதியான புருஷன் அவங்க பகுதிப் பெண்களுக்கு இதுக்காக விருந்து வைக்கணும், செலவு அவர் தலையில, ஆனா உள்ள கால் வைக்க முடியாது. ரெண்டாவது நாள் பட்டினி, தரையில நொச்சி இனத்துச் செடி ஒண்ணோட கிளையைப் பரப்பி அது மேல உக்கார்ந்திருப்பாங்க, மகளைப் பறிகொடுத்து சாப்பிடாம உக்கார்ந்திருந்தாளே டெமீட்டர், அதே மாதிரி. மூணாவது நாளோட பேர் கல்லிகெனேயா, நல்ல பிறப்புன்னு அர்த்தம்.

இதுல ஒரு சடங்கு ரொம்ப விசேஷம். முன்னாடியே பன்றிக் குட்டிகளை நிலத்துக்கு அடியில இருக்குற குழியில போட்டிருப்பாங்க, அது மக்கிக் கிடக்கும். மூணு நாள் சுத்தபத்தமா இருந்த சில பெண்கள் அந்தக் குழிக்குள்ள இறங்கணும், உள்ள பாம்பு இருக்கும்னு சத்தம் போட்டு கை தட்டிக்கிட்டே இறங்குவாங்க, மக்கினதை அள்ளிக்கிட்டு வந்து பலிபீடத்துல வைப்பாங்க, அதை எடுத்து விதையோட கலந்து விதைச்சா விளைச்சல் நல்லா வரும்னு நம்பிக்கை. யோசிச்சுப் பாருங்க, இருட்டு, நாத்தம், பாம்பு பயம், அதுக்குள்ள கை தட்டிக்கிட்டே இறங்குற பெண்களை. ஊரே சாப்பிடப் போற சோறு இவங்க கை வழியாதான் வருதுன்னு எல்லா ஆம்பளைக்கும் தெரியும், ஆனா என்ன நடக்குதுன்னு கேட்க உரிமை கிடையாது.

மீறினவங்க கதையும் இருக்கு. மாரத்தான் போர்ல ஜெயிச்ச ஏதென்ஸ் தளபதி மில்டியாடீஸ் அடுத்த வருஷம் பாரோஸ் தீவை முற்றுகை போட்டார், ஊரைப் பிடிக்க முடியல. டிமோன்னு ஒரு பெண், அங்க டெமீட்டர் கோயில்ல துணைப் பூசாரி, போர்க்கைதியா பிடிபட்டவங்க, அவங்க ஏதோ வழி சொன்னதா கதை, இவர் கோயில் வேலியைத் தாண்டி உள்ள குதிச்சார், கதவுக்கிட்ட போனதும் உடம்பெல்லாம் நடுங்கிப் போய் திரும்ப வந்து குதிக்கும்போது தொடையில அடி, அது அழுகி ஏதென்ஸ்ல செத்தார். ஆம்பளைக்குக் காட்டக்கூடாததைக் காட்டிட்டாள்னு டிமோவைக் கொல்லணும்னு பாரோஸ்காரங்க டெல்ஃபிக்கு ஆள் அனுப்பிக் கேட்டாங்க. பித்தியா கூடாதுன்னுட்டாங்க. தப்பு டிமோ மேல இல்ல, மில்டியாடீஸ் கெட்டுப் போகணும்னு விதி இருந்துச்சுன்னு பதில். ஒரு தீவுல மாட்டிக்கிட்ட ஒரு பூசாரிப் பெண்ணோட உயிரை இன்னொரு கோயில்ல உக்கார்ந்திருந்த பெண்ணோட வாக்கு காப்பாத்தியிருக்கு, இந்த இடத்தை நான் எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காது.

கேள்வி: சின்னப் பெண் குழந்தைகளுக்கும் கோயில்ல வேலை உண்டா?

உண்டு, நிறைய. ஏழுல இருந்து பதினொண்ணு வயசுக்குள்ள ரெண்டு சிறுமிகள் அக்ரோபொலிஸ்லயே தங்குவாங்க, அதீனாவுக்கு சாத்துற ஆடையை நெய்ய ஆரம்பிச்சு வைப்பாங்க, ஒரு ராத்திரி தலையில மூடின கூடையை வச்சுக்கிட்டு பாதாள வழியில இறங்குவாங்க, கூடைக்குள்ள என்ன இருக்குன்னு கொடுக்குற பூசாரிக்கும் தெரியாது, சுமக்குற குழந்தைக்கும் தெரியாது.

ஏதென்ஸைச் சுத்தியிருக்குற அட்டிகா பகுதியோட கிழக்குக் கடற்கரையில பிராரோன்னு ஒரு இடம், ஆர்ட்டெமிஸ் கோயில். அங்க குழந்தைகள் கரடியா மாறணும். கோயில்ல வளர்ந்த சாதுவான கரடி ஒரு பொண்ணை விளையாட்டுல கீறிடுச்சாம், அண்ணன்காரங்க அதைக் கொன்னுட்டாங்களாம், தெய்வம் கோபிச்சு கொள்ளைநோய் வந்துச்சாம், அதுக்குப் பரிகாரமா கல்யாணத்துக்கு முன்னாடி ஒவ்வொரு பொண்ணும் ஆர்ட்டெமிஸுக்கு கரடியா இருக்கணும்னு வழக்கம், குங்குமப்பூ நிறத்துல உடுத்திக்கிட்டு. 1948-ல தோண்ட ஆரம்பிச்சு எடுத்ததுல கைக்குள்ள அடங்குற சின்னச் சின்ன கிண்ணங்கள் வந்துச்சு, அதுல பொண்ணுங்க ஓடுறாங்க, சில பேர் குட்டைச் சட்டையில, சில பேர் அம்மணமா, தலைமுடி பறக்குது, கொஞ்சம் அவசரமா தீட்டின கோடுகள்தான், ஆனா அந்தக் கால் ஓடுறதைப் பார்த்தா மூச்சு வாங்குறது கேட்கும். முயல்குட்டியை மடியில பிடிச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணோட பளிங்குச் சிலையும் கிடைச்சிருக்கு. இந்தக் குழந்தைகள்ல பல பேருக்கு பதினாலு பதினஞ்சு வயசுல கல்யாணம். பிரசவத்துல செத்துப் போற பெண்களோட துணிகளை இதே கோயிலுக்கு, புராணக் கதையில இங்க பூசாரியா வர்ற இஃபிகேனியா பேருக்குக் கொடுப்பாங்கன்னு யூரிப்பிடீஸ் நாடகத்துல வருது. ஓடி விளையாடின இடத்துக்கே அவங்க சேலையும் வந்து சேர்ந்திருக்கு.

கேள்வி: தீட்டு, மாதவிடாய் மாதிரி தடைகள் இருந்துச்சா?

பிரசவம், சாவு, உடலுறவு, இதுக்கெல்லாம் கோயில் விதி உண்டு, அதுல பல விதி ஆண் பெண் ரெண்டு பேருக்குமே. அப்போலோவோட புனிதத் தீவான டெலோஸை கி.மு. 426-ல சுத்தம் பண்ணினப்போ இனி இங்க யாரும் பிறக்கவும் கூடாது சாகவும் கூடாதுன்னு பக்கத்து ரெனேயா தீவுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க, பிரசவ வலியோட படகுல ஏத்திவிடுற நிலைமை. மாதவிடாய் பத்தின தடை கொஞ்சம் பின்னாடி காலத்துல, வெளியில இருந்து வந்த தெய்வங்களோட கோயில் கல்வெட்டுகள்லதான் வருது.

கேள்வி: நீங்க சொல்றதெல்லாம் கேட்டா கோயில்ல பெண்களுக்கு சுதந்திரம் இருந்த மாதிரி தெரியுது. எல்லாப் பெண்களுக்குமா?

கிடையாது. தெஸ்மோஃபோரியாவுக்கு குடிமக்கள் வீட்டு மனைவிகள்தான், அடிமைப் பெண்ணுக்கு இடம் இல்ல. ஏதென்ஸ் பக்கத்துல இருக்குற எலியூசிஸ் கோயில் மட்டும் தனி, அங்க டெமீட்டர் ரகசியத்துல தீட்சை எடுக்க கிரேக்க மொழி தெரிஞ்சா போதும், கொலைப்பழி இருக்கக்கூடாது, ஆண் பெண் அடிமை வித்தியாசம் கிடையாது. அங்க பெண் பூசாரியோட உரிமையை கோர்ட்டே காப்பாத்தியிருக்கு. ஆர்க்கியாஸ்னு எலியூசிஸோட தலைமைப் பூசாரி, பெரிய வம்சம், ஒரு திருவிழாவுல சினோப்பேங்கிற பெண் கொண்டு வந்த பலியைத் தானே கொடுத்துட்டார், அன்னைக்கு பலி கொடுக்குற உரிமை பூசாரியம்மாவுக்குதான், ஆளு தண்டனை வாங்கினார்.

ஆனா இன்னொரு சட்டத்தையும் சொல்லியாகணும். கள்ள உறவுல பிடிபட்ட ஏதென்ஸ் பெண் எந்த ஊர்க் கோயிலுக்குள்ளயும் போகக்கூடாது. வெளியூர்க்காரி போகலாம், அடிமை போகலாம், அவ போகக்கூடாது. போனா யார் வேணா என்ன வேணா பண்ணலாம், உயிரை மட்டும் எடுக்கக்கூடாது. கோயில்தான் அவளுக்கு இருந்த ஒரே பொது இடம், தண்டனை கொடுக்கும்போது சரியா அதையே பிடுங்கியிருக்காங்க, அதனால சுதந்திரம்னு நான் சொல்ல மாட்டேன், இடம்னு சொல்லுவேன், பிடுங்கினா உயிரே போற மாதிரி வலிக்கிற அளவுக்கு அவங்களுக்கு சொந்தமான இடம்.

கேள்வி: இவங்கள்ல உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர்?

தெயானோன்னு சொல்லலாம்னு பார்த்தேன். கி.மு. 415-ல, எலியூசிஸ் ரகசியத்தைக் கேலி பண்ணினதா குற்றம் சாட்டப்பட்ட தளபதி ஆல்கிபியாடீஸை எல்லாப் பூசாரிகளும் சபிக்கணும்னு ஏதென்ஸ் உத்தரவு போட்டப்போ, நான் வேண்டிக்கிற பூசாரி, சபிக்கிற பூசாரி இல்லைன்னு மறுத்தவங்க அவங்க மட்டும்தான்.

ஆனா மனசு போறது கிரைசிஸ்கிட்ட. ஆர்கோஸ்ங்கிற ஊர்ல ஹீரா தெய்வத்தோட கோயில் பூசாரி. அந்தக் காலத்துல எல்லா ஊருக்கும் பொதுவான வருஷக் கணக்கு கிடையாது, அதனால ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதின பெலோபொன்னேசியப் போர் எப்போ ஆரம்பிச்சுச்சுன்னு சொல்ல வந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஆர்கோஸ்ல கிரைசிஸ் பூசாரியாகி 48-ஆவது வருஷத்துலன்னு எழுதுறார், நம்ம கணக்குக்கு கி.மு. 431. ஒரு பெண்ணோட பணிக்காலத்தை வச்சு உலகத்தோட தேதியைச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் எட்டரை வருஷம் கழிச்சு, ராத்திரி விளக்கை மாலைகள் பக்கத்துல வச்சுட்டு அந்த வயசான அம்மா தூங்கிட்டாங்க. மாலையில தீ பிடிச்சு, கோயில் முழுக்க எரிஞ்சு போச்சு. பயந்து அதே ராத்திரியே பிளியூஸ் ஊருக்கு ஓடிட்டாங்க, வேற பூசாரியை நியமிச்சாங்க.

சுமார் 600 வருஷம் கழிச்சு பௌசானியாஸ்னு ஒரு பயணி அங்க போறார். பழைய கோயிலோட அஸ்திவாரமும் எரிஞ்சதுல மிச்சம் மீதியும் கிடக்கு. இவ்வளவு பெரிய சேதம் நடந்தும் ஆர்கோஸ்காரங்க கிரைசிஸோட சிலையை எடுக்கல, எரிஞ்ச கோயிலுக்கு முன்னாடி இன்னும் அப்படியே நிக்குதுன்னு எழுதி வச்சிருக்கார்.